தண்ணீர் கோயிலுக்குள் வரவில்லை, சரி. அப்புறம்?

ஒரு வாசகர் எழுதியது: "2004 சுனாமியில் வேளாங்கண்ணிக் கடற்கரையே துடைத்துப் போட்ட மாதிரி ஆனது. ஆனால் மாதா கோயிலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உள்ளே பூசையில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். இதைப் பார்த்தும் விசுவாசம் வராதவர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இன்றோடு 20 வருடம். அனைவரும் பகிரவும்."

26 டிசம்பர் 2024, முற்பகல்

பகிர மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 27 திங்கள்கிழமை, தஞ்சாவூரிலிருந்து எங்கள் பங்கு இளைஞர்கள் பதினோரு பேர் ஒரு வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனோம். எனக்கு அப்போது 21 வயது. பிரெட் பாக்கெட்டுகளும் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய சேலைகளும் எடுத்துப் போயிருந்தோம். பிரெட்டை யாரும் கேட்கவில்லை. சேலையைத்தான் கேட்டார்கள், மூடுவதற்கு.

மதியம்போல ஒருவர் வந்தார், மலையாளி. கையில் ஒரு போட்டோ, அதில் ஆறேழு வயதுப் பையன், நெற்றியை மறைக்கிற சுருட்டை முடி. போட்டோவைக் காட்டுவார், உடனே விரலால் அந்த முடியை மறைத்துக்கொண்டு "இப்போ மொட்டை, சந்தனம்" என்பார். ஞாயிறு காலையில்தான் நேர்ச்சை (வேண்டுதல்) முடித்து, மொட்டை போட்டு, சந்தனம் பூசிக் கடலுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் மொட்டைதான். சந்தனம் யார் தலையிலும் இல்லை, கடல் கழுவிவிட்டிருந்தது. அவர் ஒவ்வொரு சேலையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார், நான் கூடவே போனேன், ஏனென்றால் வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையனும் மாதாவிடம் வந்தவன்தான். நேர்ச்சையைக்கூட ஒழுங்காக முடித்தவன். கோயிலை மாதா காப்பாற்றினாள் என்று எழுதுகிறவர், அடுத்த வரியில் இவனை ஏன் விட்டுவிட்டாள் என்பதையும் எழுத வேண்டும். எழுதிவிட்டுச் சொல்லுங்கள், பகிர்கிறேன்.

26 டிசம்பர், இரவு

காலையில் எழுதியது கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. "என் அம்மா அன்று அந்தக் கோயிலுக்குள் இருந்தார், நான் நன்றி சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

தாராளமாகச் சொல்லுங்கள். வேளாங்கண்ணியே நன்றிக் கடனில் எழுந்த ஊர். 17ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவிடம் வேண்டிக்கொண்டு செப்டம்பர் 8 அன்று இங்கே கரை சேர்ந்தார்கள், அதற்காகக் கோயில் கட்டினார்கள் என்பதுதான் நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிற கதை. ஆனால் அதே வங்காள விரிகுடாவில் வேண்டிக்கொண்டே மூழ்கிய கப்பல்கள் எத்தனை இருக்கும், அவர்கள் எங்கேயும் கோயில் கட்டவில்லை, கட்ட ஆள் இல்லை. நன்றி கரை சேர்ந்தவரின் பேச்சு. அதைப் போஸ்டர் அடித்து எல்லார் கையிலும் கொடுக்கும்போதுதான் கரை சேராதவர் வீட்டில் போய்க் குத்துகிறது.

இன்னொன்று. "கோயில் மேட்டில் இருக்கிறது, அதனால் தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான்" என்று நானும் பல வருடம் எல்லாரிடமும் வாதாடியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அதுவும் அசட்டு வாதம்தான். டேப் பிடித்து அளந்து மேடு என்று நிரூபித்துவிட்டால் போட்டோவோடு அலைந்த அந்த அப்பாவுக்கு என்ன ஆகப்போகிறது?

27 டிசம்பர்

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா, அதாவது இயேசு, மரியா, யோசேப்பு குடும்பத்தின் விழா. அன்றைக்கு எல்லாக் கத்தோலிக்கக் கோயில்களிலும் வாசித்த நற்செய்தி, ஏரோது ராஜா பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற பகுதி. கடல் கிளம்பி வருகிற நேரத்தில் பீடத்தில் அதுதான் வாசிக்கப்பட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

28 டிசம்பர்

தப்பு. நேற்று எழுதியது தப்பு.

என்னோடு அந்த வேனில் வந்த பதினோரு பேரில் ஒருவன் இப்போது சாமியார் (பாதிரியார்). காலையில் போன் போட்டு, "இருபது வருஷமா இதையேதான் சொல்லிட்டுத் திரியுறியா?" என்று சிரித்தான். ஆமாம், சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன், கல்யாண வீட்டில்கூட.

அன்றைய வாசகம் மத்தேயு 2ஆம் அதிகாரம், 13 முதல் 15 வரை, அப்புறம் 19 முதல் 23 வரை. நடுவில் 16, 17, 18 கிடையாது. யோசேப்பு குழந்தையையும் தாயையும் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார், பிறகு ஏரோது இறந்ததும் திரும்பி வருகிறார். நடுவில் பெத்லகேமில் நடந்ததை அந்த ஞாயிறு தாண்டிப் போகிறது. ஓடிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும். தாண்டிப்போன வரிகளை டிசம்பர் 28 அன்று, மாசில்லாக் குழந்தைகள் விழாவில் வாசிப்பார்கள். 2004இல் அது செவ்வாய்க்கிழமை. நாங்கள் குழிக்குப் பக்கத்தில் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த நாள்.

என் பொய்யைவிட உண்மை இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை, தப்பித்த குழந்தை. செவ்வாய்க்கிழமை, தப்பிக்காத குழந்தைகள். இரண்டையும் ஒரே நாளில் படிக்க நமக்கே தைரியம் இல்லையோ என்னவோ.

அந்தத் தாண்டிப்போன வரிகளில்தான் பழைய ஏற்பாட்டுத் தாய் இராகேல் வருகிறார். தன் பிள்ளைகளுக்காக அழுகிறார், ஆறுதல் பெற மறுக்கிறார், ஏனென்றால் அவர்கள் இல்லை. அவ்வளவுதான், அதோடு நிறுத்திவிடுகிறார் மத்தேயு. "மறுக்காதே அம்மா, எல்லாம் நன்மைக்கே" என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மத்தேயு இதை எடுத்தது பழைய ஏற்பாட்டு எரேமியாவிலிருந்து, அங்கே இந்த வரிக்கு அடுத்த வரியே "அழாதே, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்" என்று இருக்கிறது. மத்தேயு அதை எடுக்காமல் விட்டிருக்கிறார். தெரியாமல் விட்டிருப்பாரா?

29 டிசம்பர், ஞாயிறு

இன்றைக்கும் திருக்குடும்ப விழா. இந்த வருடம் லூக்கா. பன்னிரண்டு வயது இயேசு காணாமல் போகிறார், தாயும் தகப்பனும் தேடி மூன்று நாளைக்குப் பிறகு ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். சாமியார் பிரசங்கத்தில் செல்போன், பிள்ளை வளர்ப்பு, குடும்ப ஜெபம் என்று போய்க்கொண்டிருந்தார். திருச்சபையின் புனித ஆண்டான யூபிலி ஆண்டு வேறு தொடங்கியிருக்கிறது, எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று வாசலில் பேனர். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

முதல் நாள் நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்.

என் சித்தி அன்றைக்கு அந்தக் கோயிலுக்குள் இருந்தாள். ஆமாம், தண்ணீர் வராத கோயிலுக்குள். அவளுக்கு வேளாங்கண்ணியில்தான் கடை, கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற வழியில். மெழுகுவர்த்தி, ஜெபமாலை, சங்கு, கிளிஞ்சல் மாலை, பிள்ளை வரம் கேட்பவர்கள் வாங்குகிற சின்ன மரத் தொட்டில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிறு, கூட்டம் நெரியும். "நீ பூசைக்குப் போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா. பிள்ளைகள் இரண்டும் அவரோடு. பெண் ஏழு, பையன் நாலு.

சித்தப்பா ஒரு தென்னை மரத்தைப் பிடித்துப் பிழைத்தார். பெண்ணின் உடல் அன்றைக்குச் சாயங்காலமே கிடைத்தது. பையன் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினோம், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் தேடுவதை நிறுத்தினோம் என்று சொல்லாமல் நிறுத்தினோம்.

சில நாள் கழித்து ஆறுதல் சொல்ல ஒரு சிஸ்டர் வந்திருந்தார், நல்ல மனுஷி, நாள் முழுக்கச் சோறு பரிமாறிவிட்டு வந்தவர். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவும் மகனைப் பறிகொடுத்தவங்கதாம்மா" என்றார்.

சித்தி அழவில்லை. "அவங்களுக்கு மூணாம் நாளே திரும்பி வந்துட்டாரே சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் கையை விடவில்லை. வேறு எதுவும் பேசவும் இல்லை, இருட்டுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பைபிளில் பிள்ளைகள் உட்பட எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியமும் அதுதான், ஏழு நாள் ராத்திரி பகலாகத் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

3 ஜனவரி 2025

"கடவுளின் சித்தம் நமக்குப் புரியாது" என்று நாலைந்து பேர் எழுதிவிட்டீர்கள். புரியாது என்றால் ஏன் எல்லாரும் விளக்குகிறீர்கள்?

அன்றைக்கும் விளக்க வந்தவர்கள் இருந்தார்கள். பிணவாடை போகும் முன்பே கடைசிக் காலம், பாவத்தின் சம்பளம் என்று துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். எங்கள் வேன் டிரைவர் (இந்து) அதை வாங்கிப் படித்துவிட்டு, "இவனுங்க வீட்டுல யாரும் சாகலபோல" என்றார். சிலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். உடனே "நீங்களும் மனம் திரும்புங்கள்" என்று கேட்டவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார், அது வேறு. ஆனால் கோபுரம் ஏன் விழுந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

கோபுரத்தை யார் கட்டினார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. நாகப்பட்டினம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு பூசை முடிந்து இன்னொரு பூசை தொடங்கிவிடும். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது, ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007இல். சுனாமி என்ற வார்த்தையே நமக்குத் தெரியாது, ஜனங்கள் "கடல் பொங்கிருச்சு" என்று கத்திக்கொண்டுதான் ஓடினார்கள். அதே வருடம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள். அதைக் கடவுளின் சித்தம் என்று யாராவது சொன்னால் அடிக்கலாம்போல வரும், கீற்றுக் கூரையும் குறுகலான படியும் மனிதர்கள் செய்தது.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாலும் கடைசியில் ஒரு மிச்சம் நிற்கிறது. எச்சரிக்கை மணி அடித்திருந்தாலும் கடல் வந்திருக்கும். அந்த மிச்சத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் பக்கத்தில் உட்கார இப்போதெல்லாம் எனக்குப் பிடிப்பதும் இல்லை.

3 ஜனவரி, கொஞ்சம் கழித்து

நாகூர் தர்காவைப் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். ஆமாம், உடல்களை அடக்கம் செய்யத் தங்கள் இடத்தைத் திறந்துவிட்டார்கள். எந்த மதம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் ஏது?

11 ஜனவரி

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சிநேகிதன் ஒருவன் தரங்கம்பாடிக்காரன், லுத்தரன் (புராட்டஸ்டண்ட்). ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊர், அலை அங்கேயும் அடித்தது. இந்த வாதத்தைப் படித்துவிட்டு, "உங்க யூபிலி பேனர்ல போட்டிருக்கிற எதிர்நோக்குன்னா என்னடா?" என்றான். நம்பிக்கை என்றேன். "அப்ப நம்பிக்கைன்னா?" விசுவாசம் என்றேன். "அப்ப விசுவாசத்தை எங்கடா வச்சீங்க?"

நியாயமான கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் அவர்கள் வேதாகமம் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. நம் திருவிவிலியம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. அவனுக்கு இரண்டாவதாக வருகிற நம்பிக்கை நமக்கு முதல் இடத்தில். ஒரே வரியை இரண்டு வீட்டில் இரண்டு விதமாகப் படிக்கிறோம். இரண்டு வீட்டிலும் மாறாத வார்த்தை அன்பு ஒன்றுதான், அதைப் பற்றித்தான் யாரும் சண்டை போடக் காணோம்.

எதிர்நோக்கு என்ற வார்த்தை முதலில் எனக்குப் பிடிக்காது, அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கும். ஆனால் சித்தியை நினைத்தால் அதுதான் பொருத்தம். நம்பிக்கை என்றால் உள்ளே ஏதோ தெம்பு இருக்க வேண்டும். அவளிடம் தெம்பெல்லாம் ஒன்றும் இருக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

12 ஜனவரி

சீகன்பால்கை "ஜெர்மன் உளவாளி" என்று எழுதியவருக்கு: ஐயா, அவரைப் பிடித்துச் சிறையில் போட்டதே அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்கள்தான். வேறு இடத்தில் போய் விளையாடுங்கள்.

15 ஜனவரி

யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றாகப் படியுங்கள். ஆடு, ஒட்டகம், காளை, கழுதைதான் இரட்டிப்பு. பிள்ளைகள் முன்பும் பத்து, பின்பும் பத்து. ஏன் இருபது இல்லை? முதல் பத்துப் பேரும் அவரிடமிருந்து தொலைந்துபோய்விடவில்லை, அதனால்தான் என்று வியாக்கியானம் சொல்பவர்கள் உண்டு. அழகான வியாக்கியானம். சித்தியிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் அவளுக்கு அந்தக் கதை நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு அதைத் திரும்ப இணைக்கிற ஆபரேஷன் இலவசம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சித்தி போனாள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள், ஒருத்தியை ஒருத்தி "உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டார்களாம். இருக்கிற பிள்ளைகளின் கணக்கு இல்லை அது. 2006இல் பையன் பிறந்தான். செத்துப்போன பையனின் பெயரையே வைக்கலாம் என்று பாட்டி சொன்னபோது சித்தி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "அந்தப் பேருக்கு ஆள் இருக்கு."

அவளுக்கு அந்த ஆபரேஷன் பலித்தது. பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் பலிக்கவில்லை. இதையும் அற்புதம் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா அன்றிலிருந்து கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் வருடா வருடம் டிசம்பர் 26 பூசைக்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்துப் பணம் கட்டுவது அவர்தான், ஆபீஸ் ஜன்னலில், வெளியே நின்றபடி. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அவிசுவாசம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

22 ஏப்ரல் 2025

நேற்றுப் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்துபோனார். நேற்று ஏப்ரல் 21. 2019இல் அதே தேதியில்தான் இலங்கையில் உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்பு. கொச்சிக்கடை அந்தோனியார், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன் என்று மூன்று கோயில்கள், கூடவே கொழும்பில் ஹோட்டல்கள், 250க்கும் மேல் சாவு. சீயோனில் நிறையப் பேர் குழந்தைகள், ஞாயிறு பள்ளி முடிந்து வந்தவர்கள். அன்று இறந்த கத்தோலிக்கர்கள் 167 பேரை வத்திக்கான் விசுவாசச் சாட்சிகளாக (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களாக) சேர்த்திருக்கிறது என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் நேற்று அறிவித்தார்.

சந்தோஷம்தான். ஆனால் மனம் கணக்குப் போடுகிறது. பூசைக்கு வந்து குண்டில் செத்தால் சாட்சி. பூசை முடித்துக் கடலில் குளிக்கப் போய்ச் செத்தால்? அந்தச் சாவுக்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை. சுனாமியில் போனவர் என்கிறோம், ஏதோ பஸ்ஸில் போனவர் மாதிரி.

அந்தக் கர்தினாலிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மன்னித்தோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. இன்றைக்கும் உண்மை வெளிவர வேண்டும் என்று அரசாங்கத்தைக் குடைந்துகொண்டிருக்கிறார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது, எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்பதற்காக. அங்கே நிற்க வைத்துக் கேள்வி கேட்க ஆள் உண்டு. கடலை எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவது? பைபிளில் சங்கீதம் பாடியவர்கள் நேராகக் கடவுளையே கூப்பிட்டிருக்கிறார்கள். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயா கிடையாது. அதையும் சேர்த்துத்தான் ஜெபப் புத்தகமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

9 செப்டம்பர் 2025

திருவிழாவுக்குப் போய் வந்தேன். நேற்றுக் கொடி இறக்கியாயிற்று, சித்தியின் கடையில் இன்னும் கூட்டம். கடை இப்போது அதே இடத்தில் இல்லை, சற்று உள்ளே. பையன் 19 வயது, மீசையும் செல்போனுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, இங்கே நடக்கிற வாதத்தைச் சொன்னேன். கோயிலுக்குள் தண்ணீர் வராதது அற்புதமா சித்தி என்று நேராகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் மரத் தொட்டில்களுக்குச் சிவப்பு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லு. மோட்சத்துல அவ ஏழு வயசாவே இருப்பாளா, வளர்ந்திருப்பாளா?"

குழந்தையாகச் செத்தவர்களும் வளர்ந்த உடலோடு எழுவார்கள் என்று புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார் என்றேன். படித்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாமா.

"வளர்ந்திருந்தா இருபத்தெட்டு இருக்கும்" என்றாள். பல்லால் நூலை அறுத்தாள். "எனக்கு அடையாளம் தெரியாதே. அந்தச் சின்னவனாவது எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன், காதுல தழும்பு."

அதற்குள் பெங்களூருக் குடும்பம் ஒன்று வந்துவிட்டது. தொட்டில் என்ன விலை என்று கேட்டார்கள். நூற்றிருபது என்றாள். எண்பதுக்குக் கேட்டார்கள். நூறுக்குக் கீழே ஒரு பைசா குறையாது என்று சொல்லிவிட்டாள்.